ஆலங்குடாவின் நல்ல தண்ணீர்: எதை முதலில் காப்பது?

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள ஆலங்குடாவுக்கு மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டும் உப்பு. வறட்சி நீண்டால் களப்பின் உட்பகுதி கடலைவிடக் கரிக்கும். அப்படியிருந்தும் இந்த மணலில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மாரி மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதுதான் காரணம். நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டி வரை வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் விளைவது இந்த நன்னீர்ப் படலத்தை நம்பித்தான். பெரும்பாலான வீடுகளில் உலை கொதிப்பதும் அதனால்தான்.

இந்தப் படலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம் வரை உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும். ஆனால் மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், அடியிலிருந்து உப்பு 4 மீற்றர் வரை மேலே ஏற இடமுண்டு. மோட்டாரை நிறுத்தியதும் கிணறு மறுபடி ஊறிவிடும். ஏறிய உப்போ அவ்வளவு சீக்கிரம் இறங்காது. கிணற்றை எட்டிப் பார்த்து எல்லாம் சரி என்று நினைப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

சவர் தட்டுவதற்குக் கடல்நீர் நிறையக் கலக்க வேண்டியதும் இல்லை. கடல்நீர் ஒரு லீற்றரில் சுமார் 19 கிராம் குளோரைட் இருக்கிறது. குடிநீரில் அது 250 மில்லிகிராமைத் தாண்டினாலே நாக்குக்குத் தெரியும். நூறு லீற்றர் நல்ல தண்ணீரைக் கெடுக்க ஒன்றரை லீற்றர் கடல்நீர் போதும். பயிர்களில் வெங்காயம் முதலில் அடிபடும். உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் அதன் விளைச்சல் இறங்கத் தொடங்கி, கூடுகிற ஒவ்வோர் அலகுக்கும் ஏறக்குறைய 16 சதவீதம் குறையும். பீட்ரூட் 4 அலகு வரை தாக்குப்பிடிக்கும்.

உப்போடு நைத்திரேற்றும் சேர்ந்துகொள்கிறது. மணல் எதையும் பிடித்து வைக்காது. போடும் பசளையில் ஒரு பங்கு இறைத்த தண்ணீரோடு திரும்பக் கிணற்றுக்கே போகிறது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளம் மாவட்டத்தில் குடியேறியபோது ஆலங்குடாவும் அவர்களுக்கு இடம் கொடுத்தது. நெருக்கமான குடியிருப்பு, பக்கத்துப் பக்கத்தில் கிணறும் மலசலகூடமும் என்று நைத்திரேற்றுக்கு இன்னொரு வழி திறந்தது. இதில் அந்த மக்களின் குற்றம் ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரை அவர்களுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

எல்லாக் கிணற்றையும் ஒரே நேரத்தில் காக்க அரசிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. உப்பை எதிர்க்கும் பணத்தை எங்கே போடுவது என்பதில் அவுஸ்திரேலியா பட்டுத் தெளிந்த நாடு. அங்கே காடழித்ததால் நிலத்தடி நீர் உயர்ந்து உப்பை மேலே கொண்டுவந்தது. 2000 இல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு 140 கோடி டொலர் ஒதுக்கினார்கள். பணம் பல சிறு வேலைகளுக்குத் துண்டு துண்டாகப் பிரிந்துபோனதால் பலன் சொற்பம் என்று பொருளியலாளர் டேவிட் பனெல் போன்றோர் விமர்சித்தார்கள். தனியாருக்கு என்ன இலாபம், ஊருக்கு என்ன இலாபம் என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தே அரசு பணம் போட வேண்டும் என்பது பனெலின் வாதம்.

ஆலங்குடாவுக்கு இது நன்றாகவே பொருந்தும். தூவல் பாசனமும் அளவான பசளையும் தோட்டக்காரரின் செலவைக் குறைப்பவை. அங்கே வழிகாட்டலும் கடனும் போதும். ஒருவர் பெரிய மோட்டார் வைத்து இறைப்பதால் அடுத்த வளவுக் கிணறு சவர் தட்டுமென்றால் அங்கே கட்டாய விதி வேண்டும்: கரையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம். கடற்கரையில் எழும் சுற்றுலா விடுதிகளுக்கும் அதே விதிதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் குடிநீர்க் கிணறுகள். அடுத்து, படலம் இன்னும் தடிப்பாக இருக்கும் இடங்கள். கெடாததைக் காப்பதற்கு ஆகும் செலவு கெட்டதை மீட்பதை விட மிகக் குறைவு. ஏற்கெனவே உப்பேறிய களப்போர நிலத்தை மீட்கப் பணம் கொட்டக்கூடாது என்பதே என் கருத்து. சொல்லக் கசப்பான பேச்சுத்தான், ஆனால் அங்குள்ள குடும்பங்களுக்குக் குழாய்த் தண்ணீரும் மாற்றுத் தொழிலும் கொடுப்பதே நியாயமான செலவு. இந்த மாவட்டத்தின் களப்போரங்களில் 1980களில் பரவிய இறால் வளர்ப்பு, 1996 இல் வெண்புள்ளி நோயால் நொடிந்தது. அதன்பின் கைவிடப்பட்ட குளங்களைக் கண்டல் காடுகளுக்கே திருப்பிக் கொடுக்கலாம்.

தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் (RO) நிலையங்கள் அவசரத்துக்கு உதவும். அவை கழிக்கும் உப்புநீரை மணலில் விட்டால், அது மறுபடியும் அதே படலத்துக்குள்தான் இறங்கும். அனுமதி கொடுக்குமுன் அந்தக் கழிவு எங்கே போகிறது என்று பிரதேச சபை கேட்க வேண்டும்.

பொறுப்போ சிதறிக் கிடக்கிறது. நிலத்தடி நீருக்கு 1964 சட்டத்தின் கீழ் வந்த நீர்வள சபை, குழாய் நீருக்கு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, பயிருக்கு விவசாயத் திணைக்களம், கரைக்கு இன்னொரு திணைக்களம். இவர்கள் எல்லோரும் பார்க்கும் ஒரே அளவீட்டுப் பதிவேடு முதலில் வேண்டும். களப்புக் கரையிலிருந்து கடற்கரை வரை குறுக்காகச் சில அவதானிப்புக் கிணறுகள். செப்டெம்பரில் ஒரு தடவை, மாரி ஓய்ந்த பின் ஜனவரியில் ஒரு தடவை மின்கடத்துதிறன் அளவு. கமநல சேவை நிலையத்திலும் பள்ளிவாசல் பலகையிலும் அந்த எண்களை ஒட்டிவிட்டால், சிறுபோகத்துக்கு எவ்வளவு இறைக்கலாம் என்பதைத் தோட்டக்காரர்கள் நாற்றுப் போடுமுன்னே பேசி முடிவெடுக்கலாம்.