கண்ணைப் பறிக்கும் விஷம்! நரம்பைக் காட்டும் ஒலி!

கள்ளக்குறிச்சி நகரில் இருக்கிறது கருணாபுரம். 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் அங்கும் அக்கம்பக்கத்திலும் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிர் தப்பிய சிலருக்குப் பார்வை பறிபோயிற்று.

சாராயம் கண்ணைப் பறிப்பது எப்படி?

அதில் கலந்திருந்தது மெத்தனால். அது ஈரலில் பார்மிக் அமிலமாக மாறுகிறது. சில எறும்புகளின் விஷத்தில் இருக்கிறதே, அதே அமிலம்! கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பை அது தாக்குகிறது.

குடித்த உடனே பார்வை போய்விடாது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் பனி மூடியதுபோல் மங்கும். அதுவரை, "எனக்கு ஒன்றும் இல்லை" என்று இருந்துவிடுகிறார்கள்!

உள்ளே இருக்கும் அந்த நரம்பைப் பார்க்க முடியுமா?

முடியும். வயிற்றில் இருக்கும் குழந்தையைக் காட்டுகிறதே, அதே ஒலி அலை ஸ்கேன்தான். மூடிய இமைமேல் கருவியை மெல்ல வைப்பார்கள். நரம்பைச் சுற்றியுள்ள உறை வீங்கியிருந்தால் திரையில் தெரியும். கத்தி இல்லை, ஊசி இல்லை, வலி இல்லை.

ஆனால் ஸ்கேன் வீக்கத்தைத்தான் காட்டும், விஷத்தை எடுக்காது. அதற்கு ரத்தப் பரிசோதனையும், மாற்று மருந்தும், டயாலிசிசும் வேண்டும். அவையும் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

ஆகவே, வெட்கமோ பயமோ வேண்டாம். குடித்தவருக்குப் பார்வை மங்கும்வரை காத்திராமல், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு மணி நேரம்கூட ஒருவர் கண்ணைக் காப்பாற்றலாம்!