ஊர் கூடிக் காக்கும் கரை

2005-ஆம் ஆண்டு அக்டோபர் 29. சனிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் மூன்றே நாள்.

தில்லியில் சரோஜினி நகர் கடைவீதி. ஒரே கூட்டம். துணி எடுப்பவர்கள், இனிப்பு வாங்குபவர்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி பேரம் பேசும் தாய்மார்கள். பக்கத்தில்தான் ராமகிருஷ்ணபுரம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு.

மாலை ஆறு மணி இருக்கும். கடைவீதியில் குண்டு வெடித்தது. பகாட்கஞ்ச் கடைவீதியிலும் வெடித்தது. இரண்டு இடங்களிலும் சேர்த்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் கை கால் இழந்தார்கள்.

அதே மாலை கோவிந்தபுரி பக்கம் ஒரு நகரப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. இருக்கைக்கு அடியில் ஒரு பை கிடந்தது. ஒரு பயணி அதைப் பார்த்தார். "யாருடைய பை?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். ஓட்டுநர் பையை வெளியே எறிய முயன்றார். அது வெடித்தது. பயணிகள் உயிர் பிழைத்தார்கள். ஓட்டுநரின் கண்பார்வை போய்விட்டது.

ஒரு பையை ஒருவர் கவனித்தார். அதனால் ஒரு பேருந்து நிறைய மக்கள் வீடு திரும்பினார்கள். ஆனால் அந்தப் பை எங்கிருந்து வந்தது? வெடிமருந்தை யார் கொடுத்தார்கள்? பணம் எந்த வழியில் வந்தது? இதையெல்லாம் ஒரு பயணி கண்டுபிடிக்க முடியாது. ஓர் ஊர்க் காவல் நிலையத்தாலும் முடியாது. சில நேரம் ஒரு நாட்டாலும் முடியாது.

பயங்கரவாதம் என்றால் என்ன?

கடைக்குப் போகிறவர், பேருந்தில் வருகிறவர், கோயிலிலோ மசூதியிலோ கும்பிடுகிறவர். இவர்கள் யாருக்கும் பகைவர்கள் அல்லர். இவர்களைக் கொன்று மற்றவர்களை நடுங்க வைப்பது, அந்தப் பயத்தைக் காட்டி அரசை மிரட்டுவது. இதுவே பயங்கரவாதம்.

தில்லி இதைப் பலமுறை கண்டது. 1985-இல் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் குண்டு வைத்தார்கள். எடுத்தவர்கள் இறந்தார்கள். 2001 டிசம்பர் 13-இல் நாடாளுமன்றத்தைத் தாக்கினார்கள். காவலர்களோடு ஒரு தோட்டக்காரரும் இறந்தார். 2008-இல் கடைவீதிகளில் குண்டு வெடித்தது. 2011-இல் உயர் நீதிமன்ற வாசலில் வெடித்தது. 2025 நவம்பர் 10-இல் செங்கோட்டை அருகே ஒரு கார் வெடித்தது.

நம் தமிழ்நாட்டுக்கும் இந்த வேதனை தெரியும். 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு காவலர்களும் பொதுமக்களும் இறந்தார்கள். அந்த நாளைத்தான் இந்தியா முழுவதும் பயங்கரவாத எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

ஒரு நாடு மட்டும் ஏன் தடுக்க முடியாது?

2008 நவம்பர் 26. மும்பை. பத்துப் பேர் கராச்சியிலிருந்து கடல் வழியாக வந்தார்கள். நடுக்கடலில் இந்திய மீன்பிடிப் படகு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். ரயில் நிலையத்திலும், ஓட்டல்களிலும், மருத்துவமனைப் பக்கமும் சுட்டார்கள். 166 பேர் இறந்தார்கள். அவர்களில் பல நாட்டவர் இருந்தார்கள்.

இந்தக் குற்றத்தின் வேர் எங்கெல்லாம் ஓடியது என்று பாருங்கள். திட்டம் போட்டது பாகிஸ்தானில். முன்கூட்டியே மும்பைக்கு வந்து இடங்களைப் படம் எடுத்தவர் டேவிட் ஹெட்லி. அவர் அமெரிக்கக் குடிமகன். சுட்டவர்களுக்கு இணையவழித் தொலைபேசியில் வெளிநாட்டிலிருந்து கட்டளை வந்துகொண்டே இருந்தது. செத்தவர்கள் மும்பையில்.

நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கரை நீளமானது. நாம் நம் வயலுக்கு நேரே உள்ள கரையை நன்றாகக் கட்டுகிறோம். அடுத்த ஊர் எல்லையில் ஓர் எலி வளை இருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை. மழை வந்தால் என்ன ஆகும்? அங்கே உடையும். தண்ணீர் நம் வயலுக்கும் வரும். அதனால்தான் கரையை ஊர் கூடிக் காக்கிறோம். நாடுகளும் அப்படித்தான் கூட வேண்டியிருக்கிறது.

நாடுகள் எப்படி உதவிக்கொள்கின்றன?

முதல் உதவி, குற்றவாளி ஒளிய இடம் கொடுக்காமல் இருப்பது. ஒருவர் இங்கே குற்றம் செய்துவிட்டு வேறு நாட்டுக்கு ஓடுகிறார். நம் காவலர் அங்கே போய்ப் பிடிக்க முடியாது. அந்த நாடுதான் பிடித்து ஒப்படைக்க வேண்டும். இதற்கு இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. இந்தியாவும் அமெரிக்காவும் 1997-இல் இப்படி ஓர் ஒப்பந்தம் செய்தன.

மும்பை வழக்கில் அது பயன்பட்டது. தஹாவூர் ராணா என்பவர் கனடா நாட்டுக் குடிமகன். ஹெட்லிக்கு உதவினார் என்பது அவர் மேல் உள்ள குற்றச்சாட்டு. இந்தியா கேட்டதால் 2020-இல் அமெரிக்காவில் அவரைக் கைது செய்தார்கள். அவர் ஒவ்வொரு நீதிமன்றமாகப் போய் முறையிட்டார். எல்லா முறையீடும் முடிந்த பிறகு, 2025 ஏப்ரல் 10-இல் விமானத்தில் தில்லிக்குக் கொண்டு வந்தார்கள். தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்து தில்லியிலுள்ள தனி நீதிமன்றத்தில் நிறுத்தியது. அவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் 16 ஆண்டுகள் கடந்தும் வழக்கை மூடிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தத் தேசியப் புலனாய்வு முகமையும் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பிறந்ததுதான். 2008 டிசம்பரில் அதற்கான சட்டம் வந்தது. அதன் தலைமையகம் தில்லியில் இருக்கிறது.

இரண்டாவது உதவி, செய்தி சொல்வது. இன்டர்போல் என்று ஓர் அமைப்பு உண்டு. 190-க்கும் மேற்பட்ட நாடுகளின் காவல் துறைகள் அதில் சேர்ந்திருக்கின்றன. தலைமையகம் பிரான்சு நாட்டு லியோன் நகரில். தேடப்படுகிறவரைப் பற்றி அது எல்லா நாடுகளுக்கும் சிவப்பு அறிவிக்கை அனுப்பும். இந்தியாவில் அதன் தொடர்பு அலுவலகம் சி.பி.ஐ. ஆகும். 2022 அக்டோபரில் இன்டர்போலின் பொதுப்பேரவை தில்லியில்தான் கூடியது. 2025 ஜனவரியில் 'பாரத்போல்' என்ற கணினி வழி ஏற்பாடு வந்தது. இதன் மூலம் மாநிலக் காவல் துறைகளின் கோரிக்கை இன்டர்போலுக்கு விரைவாகப் போகிறது.

மூன்றாவது உதவி, பண வழியை அடைப்பது. குண்டு செய்யப் பணம் வேண்டும். ஆளை அனுப்பப் பணம் வேண்டும். அந்தப் பணம் சில நேரம் 'உண்டியல்' வழியில் வரும். இதை ஹவாலா என்றும் சொல்வார்கள். வெளிநாட்டில் ஒருவரிடம் பணம் கட்டுவார்கள். அவர் இங்குள்ள கூட்டாளிக்குத் தொலைபேசியில் சொல்வார். இங்கே பணம் கைமாறும். வங்கிக் கணக்கு இல்லை, ரசீது இல்லை. உழைத்த பணத்தை வீட்டுக்கு அனுப்பும் ஏழைத் தொழிலாளியும் இதே வழியில் அனுப்புவது உண்டு. அவர் பணத்தோடு பணமாகக் குண்டுக்கான பணமும் ஒளிந்து வந்துவிடும்.

இதைத் தடுக்க உலக நாடுகள் விதிகள் வைத்திருக்கின்றன. எஃப்.ஏ.டி.எஃப். என்ற அமைப்பு நாடுகளைச் சோதிக்கும். விதியைச் சரியாகப் பின்பற்றாத நாட்டைக் கண்காணிப்புப் பட்டியலில் போடும். பட்டியலில் இருக்கும் நாட்டுக்கு உலகச் சந்தையில் மதிப்புக் குறையும். பாகிஸ்தான் 2018 முதல் 2022 வரை அந்தப் பட்டியலில் இருந்தது. இந்தியா 2010-இல் இந்த அமைப்பில் உறுப்பினர் ஆனது.

நீங்கள் வங்கிக்குப் போனால் அடையாளச் சான்று கேட்கிறார்கள் அல்லவா? "நம்மை ஏன் சந்தேகப்படுகிறார்கள்?" என்று தோன்றும். கணக்கு யாருடையது என்று தெரிந்தால்தான் பணத்தின் வழி தெரியும். அதற்காகத்தான் எல்லாரிடமும் கேட்கிறார்கள்.

திறன் வளர்ப்பது ஏன் முக்கியம்?

ஒப்பந்தம் தாளில் இருந்தால் போதாது. அதைச் செய்து முடிக்கத் தெரிந்த கைகள் வேண்டும். குண்டு வெடித்த இடத்தில் எதை எடுக்க வேண்டும்? எதைத் தொடக் கூடாது? கம்பித் துண்டும் சாம்பலும் என்ன சொல்லும்? தொலைபேசிப் பதிவை எப்படிப் படிப்பது? போலிக் கடவுச்சீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? இதெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். தெரிந்த நாடு தெரியாத நாட்டுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. இதையே திறன் வளர்ப்பு என்கிறோம்.

ஐ.நா. சபை இதற்கென அலுவலகம் வைத்திருக்கிறது. இந்தியாவும் 1964 முதல் 'ஐடெக்' என்ற திட்டத்தை நடத்துகிறது. அதன்படி பல நாட்டு அதிகாரிகள் இங்கு வந்து பலவகைப் பயிற்சி பெறுகிறார்கள். 2022 அக்டோபர் இறுதியில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் பயங்கரவாத எதிர்ப்புக் குழு மும்பையிலும் தில்லியிலும் கூடியது. இணையம், புதிய பணப் பரிமாற்ற முறைகள், ஆளில்லா விமானம் ஆகியவற்றைப் பயங்கரவாதிகள் பயன்படுத்துவதைத் தடுக்க வேண்டும் என்று 'தில்லி அறிக்கை' வெளியிட்டது.

திறன் குறைந்தால் என்ன நேரும்? மறுபடியும் சரோஜினி நகருக்கு வருவோம். அந்த வழக்கில் மூவர் மேல் விசாரணை நடந்தது. 2017 பிப்ரவரியில் தில்லி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இருவர் விடுதலை ஆனார்கள். மூன்றாமவர் தடை செய்யப்பட்ட அமைப்போடு தொடர்பு வைத்திருந்தார் என்று தண்டிக்கப்பட்டார். அவர் அதற்கான காலத்தை முன்பே சிறையில் கழித்துவிட்டார். குண்டு வைத்த குற்றம் யார் மேலும் நிரூபிக்கப்படவில்லை.

யோசித்துப் பாருங்கள். விடுதலையான இருவரும் 11 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். இளமை போய்விட்டது. அதை யார் திருப்பித் தருவார்? மறுபக்கம், பிள்ளையை இழந்த தாய் நீதிமன்ற வாசலில் 11 ஆண்டு காத்திருந்தார். குண்டு வைத்தது யார் என்ற பதில் அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் கண்ணீர்தான். நல்ல புலனாய்வு உண்மைக் குற்றவாளியைப் பிடிக்கும். குற்றமற்றவரையும் காக்கும்.

அதனால்தான் 2006-இல் ஐ.நா. சபை வகுத்த திட்டத்தில் மனித உரிமையும் ஒரு தூணாக இருக்கிறது. அடித்து வாங்கிய வாக்குமூலம் உண்மையைக் காட்டாது. ஒரு சமூகத்தையே சந்தேகித்தால் அந்தச் சமூகத்தில் யாரும் காவலரிடம் செய்தி சொல்ல முன்வர மாட்டார்கள்.

என்ன தடை?

நாடுகள் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை. பயங்கரவாதத்துக்கு எதிராக ஒரு முழுமையான உலக ஒப்பந்தம் வேண்டும் என்று 1996-இல் இந்தியா ஐ.நா.வில் வரைவு கொடுத்தது. அது இன்னும் நிறைவேறவில்லை. யாரைப் பயங்கரவாதி என்று அழைப்பது என்பதிலேயே நாடுகளுக்குள் சண்டை. தனக்குப் பிடிக்காதவர் செய்தால் ஒரு பெயர், வேண்டியவர் செய்தால் வேறு பெயர். செத்துக் கிடப்பவர் வீட்டில் மட்டும் அழுகை ஒன்றுதான்.

நாம் என்ன செய்யலாம்?

பேருந்திலோ கடைவீதியிலோ ஆளில்லாத பை கிடந்தால் தொடாதீர்கள். எல்லாரையும் விலகச் சொல்லுங்கள். ஓட்டுநரிடமோ காவலரிடமோ சொல்லுங்கள். 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

உங்கள் பெயரில் வாங்கிய சிம் கார்டை, உங்கள் வங்கிக் கணக்கை, அடையாள அட்டையை யாருக்கும் இரவல் தராதீர்கள். பணம் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

கடலோர மக்களே, கடலில் புதிய படகையோ புதிய ஆட்களையோ கண்டால் கடலோரக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். மும்பைக்கு வந்தவர்கள் மீன்பிடிப் படகில்தான் வந்தார்கள்.

வதந்தியைப் பரப்பாதீர்கள். குண்டு வெடித்ததும் "இன்ன மதத்தார்தான் செய்தார்கள்" என்று பக்கத்து வீட்டாரை முறைக்காதீர்கள். அண்டை வீட்டார் இருவர் சண்டையிட வேண்டும் என்பதுதான் குண்டு வைத்தவரின் ஆசை. அதை நாமே ஏன் நிறைவேற்ற வேண்டும்?

அன்று பேருந்தில் பையைக் கண்ட பயணி பெரிய அதிகாரி அல்ல. கவனித்தார், கேட்டார், சொன்னார். அவ்வளவுதான். பெரிய கரையில் அவர் நின்ற இடத்தில் வளை விழாமல் பார்த்துக்கொண்டார். நாம் நிற்கும் இடத்தை நாம் பார்த்துக்கொள்வோம்.

சேர்ந்து பேசுவோம்

1. மும்பைத் தாக்குதலில் எந்தெந்த நாடுகளின் பெயர் வந்தது? ஏன்?

2. உண்டியல் வழியில் பணம் அனுப்புவதில் என்ன ஆபத்து?

3. குற்றமற்ற ஒருவர் 11 ஆண்டு சிறையில் இருந்தால் அவர் குடும்பம் என்ன ஆகும்?

4. உங்கள் ஊர்ப் பேருந்தில் ஆளில்லாத பை கிடந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?