ஒரு வாங்கியும் பல திரைகளும்



சுன்னாகம் சந்தியிலிருந்து எத்திசையில் நடந்தாலும், செம்மண் தோட்டங்களை அடுத்துள்ள வீடுகளின் மீது வட்டக் கிண்ணம் போன்ற டிஷ் அன்ரனாக்களைக் காணலாம். பெரும்பாலும் வீட்டுக்குக் கிண்ணம் ஒன்று. ‘றிசீவர்’ என்று வழங்கும் செய்மதி வாங்கியும் ஒன்று. தொலைக்காட்சிப் பெட்டியோ இரண்டு மூன்றாகப் பெருகிவிட்டது. விறாந்தையில் ஒன்று, நடமாட இயலாத ஆச்சியின் அறையில் ஒன்று. “இருக்கும் ஒரு வாங்கியை எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாக்கலாகாதா?” என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது. பொதுவாக்கலாம். ஆயின், எதனைப் பொதுவாக்குகிறோம் என்பதைத் தெளிந்த பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். அன்றேல், பணமும் வீணாகும். வீட்டின் அமைதியும் குலையும்.

முதலில், படம் நம் வீட்டை அடையும் வழியை நோக்குவோம். செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமி தன்னைச் சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றது. ஆகவே அது ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோல் நமக்குத் தோன்றும். இத்தகைய செய்மதிகளால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலே எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையிலேயே வாழ்ந்தார். 1975ஆம் ஆண்டில் இந்தியா, செய்மதி வழியாகச் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பத் தொடங்கியபோது, கொழும்பிலுள்ள அவரது இல்லத்திலும் ஒரு கிண்ணம் நிறுவப்பட்டது. அந்நாளில் ஒரு கிராமத்துக்கு ஒரு பெட்டி. ஊரே கூடிப் பார்த்தது. இன்றோ ஒரு வீட்டுக்குள்ளேயே பல பெட்டிகள்.

கிண்ணம் வானலையைத் திரட்டி, தன் முன்னால் நீட்டிய கரத்திலுள்ள ‘எல்.என்.பி.’ என்னும் சிறு கருவியிற் குவிக்கின்றது. அக்கருவி அலையின் அதிர்வெண்ணைக் குறைத்து, கேபிள் வழியே வாங்கிக்கு அனுப்புகின்றது. வாங்கி, வந்து சேரும் பல அலைவரிசைகளுள் நாம் கேட்கும் ஒன்றைத் தெரிந்து, படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தருகின்றது.

இதனை நம் ஊர்க் கிணற்றோடு ஒப்பிடலாம். கிண்ணம் கிணறு, வாங்கி துலா. ஒரு துலா இறைக்கும் நீரை எத்தனை வாய்க்காலிற் பாய்ச்சினாலும் அதே நீர்தான். அதுபோல, சாதாரண வாங்கி ஒன்றிலிருந்து எத்தனை திரைகளுக்குக் கேபிள் இழுத்தாலும், எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான் தோன்றும். விறாந்தையில் ஐயா செய்தி பார்க்கையில் ஆச்சிக்கும் செய்திதான். பிள்ளை அலைவரிசையை மாற்றினால் இருவருக்கும் மாறிவிடும்.

ஒரே காட்சி போதுமென்பார்க்கு வழி எளிது. இரண்டு பெட்டிகளும் அண்மையில் இருப்பின், எச்.டி.எம்.ஐ. பிரிப்பான் ஒன்று போதும். சாதாரணக் கேபிளாயின் பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேற் செல்லும்போது படம் தடுமாறக்கூடும். தொலைவிலுள்ள அறைக்கு, மொடுலேற்றர் என்னும் கருவியால் படத்தை அன்ரனா அலையாக மாற்றிக் கேபிளில் அனுப்பலாம். வாய்க்காலைப் பிரித்தால் நீர் குறைவதுபோல, இரண்டாகப் பிரிக்கும் பிரிப்பானின் ஒவ்வொரு வாயிலும் பாதிக்கும் சற்றுக் குறைந்த வலுவே கிடைக்கும். நான்காகப் பிரித்தால் காற்பங்கிலும் குறையும். படத்திற் புள்ளிகள் மலிந்தால், பிரிப்பதற்கு முன்னரே பெருக்கி ஒன்றைப் பொருத்துதல் நன்று.

வெவ்வேறு காட்சிகள் வேண்டுமாயின், பொதுவாக்க வேண்டியது வாங்கியன்று, கிண்ணமே. ஒரு கிணற்றில் இரண்டு துலாக்கள் இடுவதுபோல, ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வாங்கி வைத்தல் வேண்டும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். ஒற்றை வாயுள்ள எல்.என்.பி.யிலிருந்து வரும் கேபிளைச் சாதாரணப் பிரிப்பானாற் பிரித்து, இரு வாங்கிகளுக்குக் கொடுத்துவிடுகின்றனர். வாங்கி, 13 அல்லது 18 வோல்ற்று மின்னழுத்தத்தைக் கேபிள் வழியே மேலே அனுப்பி, நிலைக்குத்து அலை வேண்டுமா கிடை அலை வேண்டுமா என்று எல்.என்.பி.க்குக் கட்டளையிடுகின்றது. இரண்டு வாங்கிகள் இரு வேறு கட்டளைகள் இட்டால், ஒன்றின் அலைவரிசைகள் மறைந்துபோகும். கருவி பழுதென்று எண்ணிப் புதிதாக ஒன்றை வாங்குவோரும் உண்டு. தேவையானது இரு வாயுள்ள எல்.என்.பி.யும், ஒவ்வொரு வாங்கிக்கும் தனிக் கேபிளுமேயாம். கட்டணச் சேவையாயின், இரண்டாம் வாங்கிக்குரிய கட்டணத்தையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். நமது குடாநாடு பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ளது. இங்கு பயன்படும் செய்மதிகள் பலவும் தென்கிழக்கு வானில் மிக உயரத்தில் நிற்கின்றன. ஆகவே, சற்றுத் தொலைவிலுள்ள பனையும் தென்னையும் பெரிதும் மறைப்பதில்லை. ஆனால் பெருமழை மறைக்கும். மாரியில் படம் சற்றுநேரம் உறைந்து நிற்பது அதனாலேயே, கருவியின் குற்றமன்று. இணைப்புகளில் நீர் புகாதவாறு மூடுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையுமிடத்தில் அதனைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வழியும் மழைநீர் வெளியிலேயே சொட்டிவிடும். கிண்ணத்தின் தூணுக்கு நிலத்தொடுப்பு இடுவித்து, இடி மின்னல் நெருங்குமுன் கருவிகளைக் கழற்றிவிடுங்கள். பல பெட்டிகளை ஒரு கேபிள் இணைக்கும் வீட்டில், ஓரிடத்தில் நுழைந்த மின்னல் அத்தனையையும் தாக்கவல்லது.

1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நம்மிடையே உளர். ஒருவர் மிதிக்க, வீட்டார் கூடியிருந்து கேட்டனர். இன்று அறைக்கொரு திரை வைக்கும் வசதி வந்துள்ளது. அதனைப் பயன்படுத்துவது அவரவர் விருப்பம். எனினும், நல்லூர்த் தேர்த்திருவிழாவை விறாந்தையில் இருப்போர் காணும் அதே கணத்தில், படுக்கையிலிருக்கும் ஆச்சியும் காண வேண்டும் என்பதே உங்கள் நோக்கமாயின், இரண்டாவது வாங்கி வேண்டியதில்லை. ஒரு வாங்கியும் நல்ல கேபிளொன்றும் போதும். வேண்டுவது எதுவென்று வீட்டாரோடு கலந்து முடிவு செய்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள்.