நாலு மணித் தண்ணீர்

காலையில் கணுக்கால்கூட நனையாமல் தாண்டிய தாம்போதி (ஆற்றைக் கடக்கும் தரைப்பாலம்), பள்ளி விட்டு வரும்போது முழங்காலளவு செங்காவித் தண்ணீரில் முங்கிக் கிடக்கும். தென்காசிப் பக்கம் மழைக்காலம் அப்படித்தான். செருப்பைக் கையில் பிடித்து, புத்தகப் பையைத் தலையில் ஏற்றி, தம்பியின் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு கரையில் நிற்கிற அக்காவுக்கு ஒரே யோசனை: இறங்கலாமா?

ஏன் திடீரென்று?

சிற்றாறு குற்றால மலையில் பிறந்து, தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. மலை செங்குத்து, காட்டுக்குள் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் அடிவாரத்துக்கு வந்துவிடும். ஊரில் வெயில் அடிக்கும்போதே ஆறு பெருகும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோனது.

முழங்கால் தண்ணீர்தானே?

ஆழத்தைவிட வேகமே ஆளைச் சாய்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடும் அரை அடி வெள்ளம் பெரியவர்களையே கீழே தள்ளும் என்கிறது அமெரிக்க வானிலைத் துறை. கலங்கலில் பள்ளமும் தெரியாது, பாசியும் தெரியாது.

மற்ற ஊர்களில்?

பேச்சிப்பாறை அணைப் பகுதியில் காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள் படகேறிப் பள்ளிக்குப் போயிருக்கிறார்கள். நீலகிரி மாவட்டத் தெங்குமரஹாடாவில் மாயாற்றைக் கடக்கப் பரிசல். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், குட்டநாட்டில், கேரள அரசின் படகே பள்ளிப் பேருந்து மாதிரி. அங்கெல்லாம் படகை ஓட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். இன்றைக்கு வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியும். தாம்போதியில் அந்த முடிவைப் பிள்ளையே எடுக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டத்துக்கான 2010ஆம் ஆண்டு மத்திய விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. வெள்ள அபாயமுள்ள இடங்களில் ஆபத்தான பாதையைத் தவிர்க்கும்படி பள்ளி அமைய வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

என்ன செய்யலாம்?

மழை விடுமுறை பெரும்பாலும் காலையில் அறிவிக்கப்படுகிறது. பிள்ளை ஆற்றில் இறங்குவதோ மாலையில். குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் உடனே குளிக்கத் தடை போடுகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே தாம்போதிக்கு வருகிறது. தடை போட்ட கையோடு ஆற்றோரப் பள்ளிகளுக்கும் தகவல் போகட்டும். ஒவ்வொரு தாம்போதியிலும் ஒரு சிவப்புக் கோடு இருக்கட்டும். தண்ணீர் அதைத் தொட்டால், பெரியவர் யாராவது வந்து கூட்டிப்போகும்வரை பிள்ளைகள் பள்ளியிலேயே இருக்கட்டும். உயரமான பாலம் வர வருஷங்கள் ஆகலாம். கோடு போட ஒரு டப்பா பெயின்ட் போதும்.