பச்சிளம் குழந்தைகளுக்குச் செவித்திறன் பரிசோதனை: முதல் 6 மாதங்கள் ஏன் முக்கியம்?

மும்பை: பிறவியிலேயே செவித்திறன் குறைபாடுள்ள குழந்தையும் மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், சிரிக்கும், தொடக்கத்தில் மழலை ஒலிகளையும் எழுப்பும். இதனால் குறைபாடு பெற்றோருக்கு எளிதில் புலப்படுவதில்லை. பேச்சு வரவில்லையே என்று மருத்துவரை நாடும்போது, மொழியைக் கற்பதற்கான முக்கியக் காலம் பெருமளவு கடந்துவிடுகிறது.

இதனைத் தவிர்க்கவே '1-3-6' என்ற கால வரையறை வகுக்கப்பட்டுள்ளது. 1 மாதத்துக்குள் முதற்கட்டப் பரிசோதனையும், 3 மாதங்களுக்குள் குறைபாட்டை உறுதி செய்யும் பரிசோதனையும் முடிந்து, 6 மாதங்களுக்குள் செவித்துணைக் கருவி, பயிற்சி ஆகியவை தொடங்கப்பட வேண்டும்.

'ஓஏஇ' எனும் முதற்கட்டப் பரிசோதனையில், உறங்கும் குழந்தையின் காதில் ஒலி செலுத்தப்பட்டு, உட்செவி எழுப்பும் மெல்லிய எதிரொலி பதிவு செய்யப்படுகிறது. வலியற்ற இப்பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்குச் செவி நரம்பின் செயல்பாட்டை அறியும் 'பெரா' பரிசோதனையும் தேவை.

முதல் பரிசோதனையில் தேறாத குழந்தைக்கு காது கேட்காது என்று பொருளல்ல. பிறப்பின்போது காதில் தங்கிய திரவமும் காரணமாக இருக்கலாம். எனினும், மறுபரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவிச் செவித்திறன் குறைபாடும் இடம்பெற்றுள்ளது. உல்லாஸ்நகர் உள்ளிட்ட புறநகர்ப் பகுதிகளில் வாழும் பெற்றோர், பிரசவம் நடந்த மருத்துவமனையிலேயே இப்பரிசோதனை குறித்துக் கேட்டறியலாம். பாந்த்ராவில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தையும் அணுகலாம்.