ஈயச் சொம்பும் ஃபோர்டு காரும்

ரசம் வைக்கிற ஈயச் சொம்புக்கும் 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காருக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள் பார்ப்போம்?

இரண்டிலும் இருப்பது வெள்ளீயம்தான்! அந்த காரில் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங், கடையில் வாங்கி மாட்டுகிற உதிரி பாகம் இல்லை. வெள்ளீயத்தோடு கொஞ்சம் செம்பும் ஆன்டிமனியும் சேர்த்து உருக்கி, இன்ஜினுக்குள்ளேயே வார்த்தார்கள். அந்தக் கலவைக்கு 'பாபிட்' என்று பெயர்.

இன்றைக்கும் அந்த இன்ஜினைப் புதுப்பிப்பவர்கள் அப்படித்தான் வார்க்கிறார்கள். உருகிய உலோகத்தில் ஒரு பைன் மரக்குச்சியை முக்குவார்கள். குச்சி கருகினால், பக்குவம் வந்தாச்சு! பிறகு தண்டில் நீலச்சாயம் தடவிச் சுற்றி, பாபிட்டில் சாயம் ஒட்டிய மேடுகளைக் கையாலேயே சுரண்டி எடுப்பார்கள்.

எஃகுத் தண்டு தேயாமல் இருக்க, தான் தேய்ந்து கொடுக்கிறது அந்த மென்மையான ஈயம். என்ன ஒரு பெருந்தன்மை!