பழைய 'பாப்-அப் கேம்பர்' வாங்குகிறீர்களா? பாதுகாப்பாக இழுத்துச் செல்ல அறிய வேண்டியவை

புது டெல்லி: காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும் தாழ்வான பெட்டி, முகாமிடம் வந்ததும் கைப்பிடியைச் சுழற்றினால் கூரை உயர்ந்து, கேன்வாஸ் சுவர்கள் விரிந்து, இருபுறமும் படுக்கைகள் நீளும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 'பாப்-அப் கேம்பர்' என்று அழைக்கப்படும் இந்த மடிப்பு முகாம் வண்டி, குறைந்த செலவில் குடும்பத்துடன் ஊர் சுற்ற விரும்புவோரின் முதல் தேர்வாகப் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள எல்க்ஹார்ட் வட்டாரம் இவ்வகை வண்டித் தயாரிப்பின் மையமாகும். 1968ஆம் ஆண்டு அங்கு தொடங்கப்பட்ட ஜெய்கோ நிறுவனம், கூரையை உயர்த்தும் ஒரு பொறியமைப்பைக் கொண்டே தன் மடிப்பு கேம்பர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோல்மன் உள்ளிட்ட பிற பெயர்களிலும் வெளிவந்த பல்லாயிரம் வண்டிகள் இன்றும் பயன்படுத்தப்பட்ட நிலையில் கைமாறி வருகின்றன.

விலை குறைவு, எடை குறைவு, காற்றின் எதிர்ப்பும் குறைவு ஆகியவை இதன் சிறப்புகள். ஆயினும் தனி காரை மட்டுமே ஓட்டிப் பழகியவர்களுக்கு இழுவை வண்டியின் இயல்பு புதிது. அங்கு படிக்கவும் பணியாற்றவும் சென்றுள்ள இந்தியர்களுக்கும் இது பொருந்தும். எஞ்சின் வலிமையாக இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், வண்டி நேராக ஓடுமா, சாலையில் அலையுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பாரம் எங்கே அமர்ந்திருக்கிறது என்பதுதான்.

முன்பாரம் என்றால் என்ன?

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவோர் முன்பாரம், பின்பாரம் என்று பிரித்துப் பேசுவது வழக்கம். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே எழும்பும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து வருந்தும். கேம்பருக்கும் இதே கணக்குதான்.

கேம்பரின் முன்முனை, காரின் பின்புறம் உள்ள இழுவைக் குண்டின் மீது அழுத்தும் எடையே முன்பாரம். கேம்பரின் மொத்த எடையில் இது 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. சாமான்களுடன் 1,000 கிலோ எடையுள்ள கேம்பருக்கு முன்பாரம் 100 முதல் 150 கிலோ வரை இருப்பது முறை.

இதற்குக் குறைந்தால், அச்சுக்குப் பின்னால் உள்ள எடை ஊசல் குண்டு போலச் செயல்படத் தொடங்கும். பக்கவாட்டுக் காற்றோ, கடந்து செல்லும் கனரக லாரியோ சிறிது தள்ளினாலும் கேம்பரின் பின்பகுதி இடமும் வலமுமாக ஆடும். வேகம் கூடக் கூட அந்த ஆட்டம் தானாக அடங்குவது கடினமாகி, ஒரு கட்டத்தில் காரின் பின்பகுதியையே இழுத்துக்கொண்டு போகும். முன்பாரம் அளவுக்கு மீறினாலோ காரின் பின்பகுதி தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடிமானம் குறையும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வலுவிழக்கும்.

மிதிவண்டிகளைக் கேம்பரின் பின்புறம் மாட்டுவதும், கனமான பெட்டிகளைக் கடைசியில் அடுக்குவதும் முன்பாரத்தைக் குறைக்கும் செயல்கள். தண்ணீர்த் தொட்டியும் கணக்கில் சேர வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால், அச்சுக்குப் பின்னால் அமைந்த 75 லிட்டர் தொட்டி நிரம்பினால் வண்டியின் சமநிலையே மாறிவிடும். கனமான பொருள்களைத் தரையோடு ஒட்டி, அச்சின் மீதோ அதற்குச் சற்று முன்னோ வைப்பதே சரியான முறை.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, காரில் இணைக்கும் அதே உயரத்தில் முன்முனையை எடைக்கருவியின் மீது அமர்த்தினால் முன்பாரம் தெரிந்துவிடும். சிறிய கேம்பர்களுக்கு வீட்டு எடைக்கருவியே பெரும்பாலும் போதுமானது. மொத்த எடையை நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடைகளில் கட்டணம் செலுத்தி அறியலாம்.

காரின் திறனைக் கணக்கிடுவது எப்படி?

கேம்பரைத் தேடும் முன் காரின் கையேட்டைப் பார்ப்பது அவசியம். சிறிய கார்கள் சிலவற்றை இழுவைக்குப் பயன்படுத்தவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிட்டிருப்பர். இழுவைத் திறனுடன் மற்றோர் எண்ணும் முக்கியம். பயணிகளும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவுக்கு மேற்படக் கூடாது என்பது ஓட்டுநர் கதவின் உட்பக்கத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். கேம்பரின் முன்பாரமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

எடுத்துக்காட்டாக, ஒரு காரின் இழுவைத் திறன் 1,500 கிலோ, சுமை வரம்பு 400 கிலோ என்று கொள்வோம். பயணிகள் நால்வரின் எடை 280 கிலோ, பின்பகுதியில் உள்ள பெட்டிகள் 60 கிலோ என்றால் மீதமிருப்பது 60 கிலோ மட்டுமே. 1,000 கிலோ கேம்பரின் முன்பாரம் குறைந்தது 100 கிலோ. இழுவைத் திறன் தாராளமாக இருந்தும், இந்தக் காரில் அந்தக் கேம்பரை இணைப்பது வரம்பு மீறலாகும்.

கேம்பரின் மீதுள்ள தகட்டில் அதன் அதிகபட்ச மொத்த எடை பொறிக்கப்பட்டிருக்கும். விற்பவர் கூறும் வெற்று எடையை விட இந்த எண்ணை வைத்தே முடிவெடுப்பது பாதுகாப்பானது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய கேம்பரின் முதல் எதிரி தண்ணீர்க் கசிவு. கூரையின் ஓரங்களையும் தரையின் மூலைகளையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று உள்வாங்கினால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது என்று பொருள். கேன்வாஸில் கிழிசல், கரும்பூஞ்சை, பூசண வாடை ஆகியவை உள்ளனவா என்றும் காண வேண்டும். மடித்து வைத்த நிலையில் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. விற்பவர் முன்னிலையிலேயே கூரையை முழுவதும் உயர்த்தி இறக்கச் சொல்ல வேண்டும். நான்கு மூலைகளும் ஒரே சீராக உயராவிட்டால் கம்பிவடங்களில் பழுது இருக்கக்கூடும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். '2319' என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அதிகம் ஓடாமல் வெயிலில் நின்ற கேம்பரின் டயர் பார்வைக்குப் புதிது போல இருந்தாலும் உள்ளே இறுகிப் போயிருக்கலாம். ஐந்தாறு ஆண்டுகள் கடந்த டயர்களை மாற்றிவிடுவதே நல்லது. இழுவை வண்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் 'எஸ்டி' வகை டயர்களையே பொருத்த வேண்டும்.

சக்கர பேரிங்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து புதிய கிரீஸ் இட்ட பிறகே முதல் பயணம் புறப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கம். கிரீஸ் வற்றிய பேரிங் சூடேறி உருகினால், ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும் அபாயம் உண்டு. உரிமை ஆவணத்தில் உள்ள அடையாள எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருப்பதை உறுதிசெய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

இணைக்கும்போது கவனம்

இழுவைக் குண்டுகள் பல அளவுகளில் வருகின்றன. 2 அங்குலக் குண்டுக்கான பூட்டில் அதைவிடச் சற்றுச் சிறிய 1 7/8 அங்குலக் குண்டை வைத்தாலும் பூட்டு மூடிக்கொள்ளும். மேடு பள்ளத்தில் குதிக்கும்போது கழன்றுவிடும். எனவே இரண்டின் மீதும் பொறித்துள்ள அளவுகளை ஒப்பிட வேண்டும். பூட்டிய பிறகு கேம்பரின் முன் ஜாக்கியைச் சுழற்றி உயர்த்தினால் காரின் பின்பகுதியும் சேர்ந்து எழ வேண்டும். எழாவிட்டால் பூட்டு சரியாக விழவில்லை.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் முன்முனைக்குக் கீழே குறுக்காக மாட்டுவது முறை. குண்டிலிருந்து பூட்டு கழன்றாலும் முன்முனை தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். கேம்பருக்குத் தனி பிரேக் இருந்தால், வண்டி பிரியும்போது தானாகவே பிரேக்கை இயக்கும் கம்பிவடத்தைச் சங்கிலியில் அல்லாமல் காரில் தனியாக மாட்ட வேண்டும். கலிபோர்னியாவில் 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ மொத்த எடையை எட்டும் கேம்பர்களுக்குத் தனி பிரேக் கட்டாயம். பல மாநிலங்களில் இந்த வரம்பு 3,000 பவுண்டாக உள்ளது.

சாலையில் அலையத் தொடங்கினால்?

கலிபோர்னியாவில் இழுவை வண்டியுடன் செல்லும் வாகனங்களின் உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். பிற மாநிலங்களில் கூடுதல் வேகத்துக்கு அனுமதி இருந்தாலும், 'எஸ்டி' டயர்களில் பல மணிக்கு 65 மைலுக்கு உட்பட்ட வேகத்துக்கே வடிவமைக்கப்பட்டவை.

கேம்பர் அலையத் தொடங்கியதும் காரின் பிரேக்கை வேகமாக மிதிப்பதும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்புவதும் இயல்பாக எழும் தூண்டல்கள். இரண்டுமே ஆபத்தானவை. ஸ்டீயரிங்கை நேராக உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானே குறைய விட வேண்டும். கேம்பரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் வசதி இருந்தால் அதை மெதுவாக அழுத்தலாம். பின்னிருந்து இழுக்கும் விசை ஆட்டத்தை நேராக்கும். அலைவு நின்றதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பாரத்தை முன்னோக்கி மாற்றியடுக்கிய பிறகே பயணத்தைத் தொடர வேண்டும்.

பின்னோக்கிச் செலுத்துவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்து, கேம்பர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் போதும். வெறிச்சோடிய வாகன நிறுத்துமிடத்தில் ஓரிரு மணி நேரம் பழகுவது முதல் பயணத்தின் பதற்றத்தைப் பெருமளவு போக்கும்.

முகாமிடத்தில்

கேன்வாஸ் சுவர் என்பதால் காற்றோட்டம் தானாக இருக்கும் என்று நம்பி, சமையல் அடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்தக் கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். அதைக் கண்டறியும் கருவி இயங்குகிறதா என்று ஒவ்வொரு பயணத்திலும் சோதிப்பது அவசியம்.

எல்லா முகாமிடங்களும் பாப்-அப் கேம்பரை ஏற்பதில்லை. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடி நடமாட்டம் காரணமாகக் கடினச் சுவர் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. பால்டிமோர் நகரின் சுரங்கச் சாலைகளில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரோபேன் உருளைகளுக்குத் தடை உள்ளது. எனவே வழித்தடத்தின் விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் நிலை என்ன?

இந்தியாவில் கேரவன் சுற்றுலா, பெரும்பாலும் எஞ்சினுடன் கூடிய முழு வாகனங்களைச் சார்ந்தே வளர்ந்து வருகிறது. கேரள அரசு 2021ஆம் ஆண்டு தனிக் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. இழுவை வகைக் கேம்பரைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ட்ரெய்லரையும் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள் வைத்துள்ளது. ஆகவே, வாங்கவோ உருவாக்கவோ எண்ணுவோர் பணம் செலவிடும் முன் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் குறித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெளிவு பெறுவது அவசியம்.

எந்த நாட்டில் ஓட்டினாலும், புறப்படும் முன் பூட்டு, சங்கிலி, விளக்கு, டயர், முன்பாரம் ஆகிய ஐந்தையும் வண்டியைச் சுற்றி நடந்து சரிபார்க்க வேண்டும். முதல் நிறுத்தத்தில் சக்கரத் திருகுகளை மீண்டும் இறுக்கி, சக்கர மையத்தில் சூடு மிகுந்துள்ளதா என்று சோதிக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடங்களுக்கு மேல் இராது.